அண்ணன் மகனுக்கு ஒரு கம்ப்யூட்டர்: மதர்போர்டிலிருந்து எர்த் குழி வரை

மதர்போர்டு எந்த விளையாட்டையும் வேகமாக ஓட்டாது. இதைச் சொன்னால் கடைக்காரருக்கும் பிடிப்பதில்லை, 18 வயதுப் பையனுக்கும் பிடிப்பதில்லை. ஒரே பிராசசரையும் ஒரே கிராபிக்ஸ் கார்டையும் 8,000 ரூபாய் போர்டில் பொருத்துங்கள், பிறகு 20,000 ரூபாய் போர்டில் பொருத்துங்கள். இரண்டும் ஒழுங்கான போர்டுகளாக இருந்தால் திரையில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் எதுவும் வராது. திருநெல்வேலி டவுனில் ஆனி மாதம் ஓடுவது நெல்லையப்பர் தேர். ரத வீதி ஓடுவதில்லை. ஆனால் வீதி குறுகலாக இருந்திருந்தால் அந்தத் தேர் மூலை திரும்பியிருக்காது. போர்டின் வேலையும் அவ்வளவுதான், தடுக்காமல் இருப்பது. ஆகவே குறைந்த பணத்தில் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் ஒரு போர்டில் என்னவெல்லாம் இருக்கிறது என்று பார்ப்பதைவிட, அது எதையெல்லாம் தடுக்கும் என்று பார்ப்பதே நல்லது.

இதை எழுதக் காரணம் என் அண்ணன் மகன். கல்லிடைக்குறிச்சிக்காரன். 2025 கோடையில், பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு, பாளையங்கோட்டையில் என் வீட்டுக்கு ஒரு பட்டியலுடன் வந்து இறங்கினான். நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் நடத்துகிறவள். அதனால் குடும்பத்தில் மிக்சி கோளாறு முதல் மொபைல் சார்ஜர் வரை எல்லாம் என்னிடம்தான் வரும். அண்ணன் ஒதுக்கியது 60,000 ரூபாய். வீட்டிலிருக்கும் பழைய மானிட்டரே போதும் என்று பேச்சு. மதினி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: நான்கு வருடக் கல்லூரிப் படிப்பும் இந்தப் பெட்டியிலேயே முடிய வேண்டும், நடுவில் இன்னொன்று கேட்கக் கூடாது. எனக்கு அந்த நிபந்தனை பிடித்திருந்தது. பொருள்களைத் தேர்ந்தெடுக்கும்போது அண்ணன் சொன்ன தொகையைவிட அதுதான் அதிகம் உதவியது.

அவன் பட்டியலின் முதல் வரியே 18,000 ரூபாய் மதர்போர்டு. ஓரமெல்லாம் வண்ண விளக்கு, மேலே அலுமினியக் கவசம், பெயரில் ‘கேமிங்’. அதற்குக் கீழே ரைசன் 5 5500 பிராசசர், ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ராம் ஒன்று, கேபினெட்டோடு சேர்ந்து வரும் எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் பிரித்துத் தருகிற பெட்டி). “அத்தை, போர்டு நல்லதாக இருந்தால் மற்றதையெல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளலாமே” என்றான். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிறகு மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் மாற்றுவது கிராபிக்ஸ் கார்டை. அன்றைக்குக் கைகொடுக்கப் போவது நல்ல எஸ்எம்பிஎஸ்தானே தவிர, விளக்கு எரிகிற போர்டு அல்ல.

ஆகவே பட்டியலைத் தலைகீழாகத் திருப்பினோம். முதலில் கார்டு, அதற்கு ஈடுகொடுக்கும் பிராசசர், அந்த இரண்டையும் தடுக்காத போர்டு.

கார்டு விஷயத்தில் அவன் பட்டியலில் ஒரு பொறி இருந்தது. அதை விளக்கினால் போர்டுகளைப் பற்றிய பாதி விஷயம் புரிந்துவிடும். கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் பேசிக்கொள்வது பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற பாதைகள் வழியாக. மூன்றாம் தலைமுறைப் பாதை ஒன்றில் விநாடிக்கு ஏறக்குறைய 1 ஜிபி போகும். நான்காம் தலைமுறையில் அதுவே 2 ஜிபி. போர்டில் இருக்கும் நீளமான சொருகுமிடத்தில் 16 பாதைகளுக்கு இடம் இருக்கிறது என்பதற்காகக் கார்டு 16-ஐயும் பயன்படுத்தும் என்று அர்த்தமில்லை. 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பயன்படுத்துவது 4 பாதைகளை மட்டும். அதன் சொந்த நினைவகமும் 4 ஜிபிதான். இன்றைய விளையாட்டுகளில் அது நிரம்பி வழியும். வழிந்ததெல்லாம் அந்த 4 பாதைகள் வழியாக ராமுக்குப் போய்த் திரும்ப வேண்டும். நான்காம் தலைமுறையில் ஓடினாலாவது சமாளிக்கலாம். ஆனால் அவன் எழுதியிருந்த ரைசன் 5 5500 மூன்றாம் தலைமுறைப் பாதைகளை மட்டுமே தருகிற பிராசசர். மதர்போர்டின் பெட்டியில் நான்காம் தலைமுறை என்று எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும், பிராசசர் தராததைப் போர்டு கொடுக்க முடியாது. ஆக, 18,000 ரூபாய் போர்டில் விநாடிக்கு 4 ஜிபி பாதையில் நெரிசல்.

ஆர்எக்ஸ் 6600 கார்டை எடுத்தோம். 2021 அக்டோபரில் வந்த பழைய கார்டு. ஆனால் 8 ஜிபி நினைவகம், 8 பாதைகள், 132 வாட் மின்சாரம். 1080பி திரைக்கு அது தாராளம். பழைய மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அதற்கு மேல் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் அந்தத் திரையில் தெரியப்போவதுமில்லை. 21,000 ரூபாய் ஆனது. மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். விளையாடுவதற்கென்று வாங்கும் கம்ப்யூட்டரில் இந்த விகிதம் சரிதான்.

இதற்கிடையில் ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் எங்களை வேறு ஒன்றுக்குத் திருப்பப் பார்த்தார்கள். “டீச்சர், ஐ7 கம்ப்யூட்டரே 15,000 ரூபாய்க்குத் தருகிறேன், 16 ஜிபி ராம், புது போர்டு” என்றார் கடைக்கார அண்ணாச்சி. என்ன ஐ7 என்று கேட்டால் ஐ7 என்றுதான் திரும்பச் சொல்கிறார். பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் மூன்றாம் தலைமுறை இன்டெல் பிராசசர், எச்61 போர்டு. எச்61 என்பது 2011-இல் வந்த சிப்செட், அதாவது போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு. பிராசசர் எங்கோ ஓர் அலுவலகத்தில் பத்து வருடம் உழைத்துக் கழிந்தது; போர்டு மட்டும் புதிதாக அச்சடித்தது. ‘புது போர்டு’ என்பது பொய்யில்லை, அவ்வளவுதான். இதில் பில் போடவும் கடிதம் தட்டவும் தாராளமாக முடியும். ஆனால் விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது எட்டாம் தலைமுறை இன்டெல்லிலிருந்துதான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பையன்கள் உயிரை விடுகிற வாலரண்ட் விளையாட்டு விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாமல் திறக்கவே திறக்காது. ஐ3, ஐ5, ஐ7 என்ற எண்ணைப் பார்த்து விலை பேசுகிறவர்கள், அதற்குப் பின்னால் வரும் நான்கைந்து இலக்கங்களைக் கட்டாயம் எழுதி வாங்குங்கள். கொட்டேஷனில் அதை எழுதத் தயங்கும் கடையில் தேநீர் மட்டும் குடித்துவிட்டு வந்துவிடலாம்.

பிராசசரில் எங்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. இன்டெல்லில் ஐ5 12400எஃப், ஏஎம்டியில் ரைசன் 5 5600. இரண்டும் 2022-இல் வந்தவை, இரண்டுக்கும் 6 கோர், 12 திரெட். விளையாட்டில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இன்டெல் பக்கம் போனால் விலை குறைந்த போர்டு எச்610. அதில் ராம் செருக இரண்டே இடம், கோப்புகளைச் சேமிக்க போர்டிலேயே செருகும் எம்.2 எஸ்எஸ்டிக்குப் பிராசசரிலிருந்து நேராகப் போகும் பாதையும் கிடையாது. பி660, பி760 என்று மேலே ஏறினால் விலையும் ஏறுகிறது. ஏஎம்டியில் அதே பணத்துக்கு நான்கு ராம் இடங்கள் உள்ள பி550 போர்டு கிடைத்தது. அதனால் ரைசன். இதில் கட்சி கட்டிச் சண்டை போடுகிறவர்களைக் கண்டால் எனக்குச் சலிப்பாக இருக்கிறது. வாங்கப் போகிற அன்று எது மலிவோ அது.

5600ஜி என்று ஒன்று இருக்கிறதே, அதை வாங்கினால் கார்டே வேண்டாமே என்று அண்ணன் போனில் கேட்டார். கேள்வி நல்ல கேள்வி. கையில் 30,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால் நானே அதைத்தான் சொல்வேன். அதற்குள் இருக்கும் கிராபிக்ஸ், ராமையே தன் நினைவகமாகப் பயன்படுத்திக்கொள்ளும். டிடிஆர்4 3200 ராம் ஒன்றே ஒன்று போட்டால் விநாடிக்கு 25.6 ஜிபி; இரண்டு போட்டால் 51.2 ஜிபி. ஆர்எக்ஸ் 6600 கார்டின் சொந்த நினைவகம் தருவது 224 ஜிபி. எட்டாத தூரம் என்பது இந்த எண்களிலேயே தெரியும். அதோடு 5600ஜியும் மூன்றாம் தலைமுறைப் பாதைதான், பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகமான எல்3 கேஷ் 5600-இல் இருப்பதில் பாதி. பிறகு கார்டு வாங்கப் போகிறவர் இதை வாங்கினால், கார்டு வந்த பிறகு அந்தப் பாதி கேஷோடுதான் குடும்பம் நடத்த வேண்டும்.

இனி போர்டு. ரைசன் 5600 உட்காரும் ஏஎம்4 என்ற இந்த சாக்கெட்டுக்கு எதிர்காலம் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். 2022 செப்டம்பரில் ஏஎம்5 வந்துவிட்டது. ஆனால் ஏஎம்5-க்கு டிடிஆர்5 ராம்தான் போட முடியும். போர்டும் விலை, ராமும் விலை, பிராசசரும் விலை. மூன்றும் சேர்ந்து கார்டிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். ‘பிறகு பிராசசரை மட்டும் மாற்றலாம்’ என்ற ஆசைக்காக இன்றைக்கு விளையாட்டைப் பாதியாக்கிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. நான்கு வருடம் கழித்து மதினியின் நிபந்தனை முடிந்த பிறகு அவன் சம்பாதித்து ஏஎம்5-ஓ அதற்கு அடுத்ததோ வாங்கிக்கொள்ளட்டும்.

ஏஎம்4-இல் குறைந்த பணத்துக்குள் வருபவை ஏ520, பி450, பி550. ஏ520 வெறுக்க வேண்டிய போர்டு அல்ல. அது தடுப்பவை இவை: கார்டுக்கு மூன்றாம் தலைமுறைப் பாதை மட்டும், பல மாடல்களில் ராமுக்கு இரண்டே இடம், ஃபேன் செருகும் பின்கள் குறைவு, பிராசசருக்கு மின்சாரம் தரும் விஆர்எம் பகுதிக்குப் பெரும்பாலும் சூட்டைக் கடத்தும் உலோகத் தகடான ஹீட்சிங்க் இருக்காது. 8 பாதைகள் உள்ள ஆர்எக்ஸ் 6600-க்கு மூன்றாம் தலைமுறைப் பாதையால் வரும் இழப்பு சிறியது. ஆகவே கணக்கு இப்படி: ஏ520-லிருந்து பி550-க்கு ஏற ஆகும் மூவாயிரம் சொச்சம் ரூபாயை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து எடுக்க வேண்டியிருந்தால் ஏறாதீர்கள், ஏ520 போதும். வேறெங்கிருந்தாவது வருமானால் பி550. எங்களுக்கு அந்த மூவாயிரம் விளக்குகளை விட்டதிலேயே கிடைத்துவிட்டது.

பி450 பற்றி ஒரு எச்சரிக்கை. அந்த சிப்செட் 2018-இல் வந்தது. ரைசன் 5000 வரிசைக்கு முந்தியது. கடையின் அலமாரியில் நெடுநாள் தூங்கிய போர்டாக இருந்தால், அதைக் கிளப்பும் அடிப்படை நிரலான பயாஸ் பழையதாகவே இருக்கும். 5600-ஐ அதற்கு அடையாளம் தெரியாது, திரை இருட்டாகவே கிடக்கும். பெட்டியின் மேல் ரைசன் 5000-க்குத் தயார் என்ற ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பயாஸ் ஏற்றித் தரும்படி கடையிலேயே கேளுங்கள். ஆரம்பத்தில் வந்த பி550 சிலவற்றுக்கும் இது பொருந்தும்.

விஆர்எம் பற்றி இணையத்தில் பேசுகிற பேச்சில் பாதி நமக்கு வேண்டாதது. 5600 பிராசசரின் பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும், சாக்கெட் வழியாகப் போவது 76 வாட் வரை. அந்தச் சுமையைச் சாதாரண பி550எம் அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். 142 வாட் வரை இழுக்கிற பெரிய ரைசன்களைப் போடுகிறவர்கள்தான் அதை எண்ணிக் கவலைப்பட வேண்டும். ஆனால் நம் பக்கத்து வெயிலை மறக்கக் கூடாது. ஹீட்சிங்க் எதையும் குளிரவைப்பதில்லை. அறையின் வெப்பநிலைக்கு மேல் எத்தனை டிகிரி ஏறலாம் என்பதைத்தான் அது குறைக்கும். யாரோ ஏசி போட்ட 22 டிகிரி அறையில் அளந்து பிராசசர் 68 டிகிரி என்று எழுதுகிறார். கல்லிடைக்குறிச்சி வீட்டின் மாடியறையில், மதினி அப்பளம் உலர்த்துகிற மொட்டைமாடிக்கு நேர் கீழே, சித்திரை மாத மதியத்தில் 37 டிகிரி. அதே வேலைக்கு அங்கே 83. இந்தப் பிராசசரின் எல்லை 90. எனவே விஆர்எம் மேல் சின்ன ஹீட்சிங்காவது இருப்பது, கேபினெட்டின் முகப்பு கண்ணாடியாக இல்லாமல் வலையாக இருப்பது, முன்னால் இரண்டு ஃபேன் பின்னால் ஒன்று இருப்பது, இவை எங்களுக்கு அலங்காரமில்லை. கண்ணாடி முகப்புக் கேபினெட்டின் முன்னால் அவன் கொஞ்ச நேரம் ஏக்கத்தோடு நின்றான். ஆனி, ஆடியில் செங்கோட்டைப் பக்கமிருந்து இறங்குகிற காற்று கொண்டுவரும் தூசியைச் சொல்லி, கழற்றிக் கழுவக்கூடிய வலை இருப்பதாக எடுக்க வைத்தேன்.

எஸ்எஸ்டிக்கு எம்.2 என்விஎம்இ 1 டிபி. இன்றைய விளையாட்டுகள் சில தனியாகவே 100 ஜிபிக்கு மேல் பிடிக்கின்றன. வைஃபை உள்ள போர்டு வேண்டாம் என்று விட்டோம். மோடம் அடுத்த அறையில்தான், கேபிள் இழுத்தால் போதும்.

எஸ்எம்பிஎஸ் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை எழுதியே பிரயோஜனமில்லை. நான் பார்த்த கொட்டேஷன்கள் அனைத்திலும் கடைசி வரியில், விலையே போடாமல் ஒட்டிக்கொண்டிருந்த பொருள் அதுதான். கேபினெட்டோடு இலவசமாகத் தருகிற எஸ்எம்பிஎஸ் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். எடையே இல்லை. வெளியே பெரிய எழுத்தில் 450 வாட். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர். 12-ஐ 16-ஆல் பெருக்கினால் 192 வாட். பிராசசரும் கார்டும் ஏறக்குறைய முழு உணவையும் எடுப்பது அந்த 12 வோல்ட் கம்பியிலிருந்துதான். எங்கள் கணக்கில் கார்டுக்கு 132, பிராசசருக்கு 76, மற்றதெல்லாம் சேர்த்து 50. மொத்தம் 260-ஐ ஒட்டி வருகிறது. 450 என்று எழுதிய பெட்டியால் அதில் முக்கால் பங்கைக்கூட நிம்மதியாகத் தர முடியாது. கார்டுக்கு வேண்டிய 8 பின் கனெக்டரும் அதில் இல்லை. அதற்கு ஒரு மாற்று கனெக்டர் போட்டுத் தருவதாகக் கடையில் சொன்னார்கள். கனெக்டரை மாற்றலாம், உள்ளே இல்லாத வாட்டை எந்தக் கனெக்டர் கொண்டுவரும்?

80 பிளஸ் பிரான்ஸ் சான்றுள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கினோம். பாதிச் சுமையில் உள்ளே வாங்கும் மின்சாரத்தில் 85 விழுக்காட்டை வெளியே தர வேண்டும் என்பது பிரான்ஸ் சான்றின் விதி. 550 வேண்டுமா, 450 போதாதா என்றால், நல்ல கம்பெனியின் உண்மையான 450 போதும். மூன்றாவது வருடத்தில் இதைவிடப் பசியுள்ள கார்டு வந்தால் என்ற எண்ணத்தில் 550. பிறகு மாற்றப்போகும் பொருளுக்காக இன்று செலவு செய்ய நான் சம்மதித்த ஒரே இடம் இதுதான்.

மின்சாரம் போய்ப் போய் வருகிற ஊரில் யுபிஎஸ்ஸும் பட்டியலில் சேரும். “வீட்டில்தான் இன்வெர்ட்டர் இருக்கிறதே” என்றார் அண்ணன். இன்வெர்ட்டர் பாட்டரிக்கு மாறுவதற்குள் ஓர் இடைவெளி வரும். எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரில் இருப்பதை வைத்துக்கொண்டு மூச்சுப் பிடித்திருக்கக்கூடிய நேரம் ஏறத்தாழ 16, 17 மில்லி விநாடி. பல இன்வெர்ட்டர்களில் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது சாதாரண நிலையில் இருந்தால் மின்விளக்கு இமைத்துவிட்டு எரியும், கம்ப்யூட்டரோ அணைந்து மறுபடி கிளம்பும். அந்தச் சுவிட்சைப் போட்டாலே பலருக்கு வேலை முடிந்துவிடும். எங்களுடையதில் அந்த வசதி இல்லை. கடையில் காட்டிய 600 விஏ யுபிஎஸ் தருவது 360 வாட். எங்கள் பெட்டி முழு மூச்சில் இழுத்தால் சுவரிலிருந்து 300-க்கு மேல் வாங்கும், மானிட்டருக்கு இன்னொரு 25. ஓரத்தில் நிற்கிறது. கார்டு ஒரு கணம் துள்ளினால் யுபிஎஸ் கீச்சென்று கத்திவிட்டுக் கைவிடும். 1000 விஏ எடுத்தோம். இன்னொன்றையும் அந்தக் கடையிலேயே சோதிக்கச் சொன்னேன். நல்ல எஸ்எம்பிஎஸ்களில் பவர் ஃபேக்டரைத் திருத்தும் சுற்று இருக்கும். விலை குறைந்த யுபிஎஸ் பாட்டரியில் ஓடும்போது தருகிற படிப்படியான அலை சில எஸ்எம்பிஎஸ்களுக்கு ஒத்துக்கொள்ளாது. இரண்டையும் ஒன்றாக மாட்டி, கார்டுக்கு ஒரு சோதனையை ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கிப் பார்ப்பதுதான் வழி. பிடுங்கினோம், அணையவில்லை. அதற்குப் பிறகே பணம் கொடுத்தோம்.

பாகங்களைச் சேர்த்துப் பூட்டுவதைக் கடையிலேயே செய்தார்கள். அவனும் பக்கத்தில் நின்று ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தான். வீட்டுக்கு வந்த பிறகு நான் பார்த்தபோது 3200-இல் ஓட வேண்டிய ராம் 2400-இல் ஓடிக்கொண்டிருந்தது. ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பைப் பயாஸில் போடாமல் அனுப்பியிருந்தார்கள். இது எங்கும் நடப்பது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் வேகம் தெரியும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இரண்டு ராம் இருந்து நான்கு இடங்கள் இருந்தால், பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். மானிட்டர் கேபிளைப் போர்டில் செருகாமல் கார்டில் செருக வேண்டும். 5600-இலும் பெயர் முடிவில் எஃப் உள்ள இன்டெல் பிராசசர்களிலும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்பதால் போர்டில் செருகினால் திரை இருண்டே இருக்கும். இதற்காகவே கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு என்று பூட்டித் தந்த தம்பி சொன்னான்.

பில் விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். 18 விழுக்காடு ஜிஎஸ்டியைத் தவிர்க்கத் துண்டுச் சீட்டில் எழுதித் தருவதாகச் சொல்வார்கள். பெட்டியில் வரும் பிராசசருக்கு மூன்று வருட வாரண்டி. பெட்டியில்லாமல் தட்டில் வரும் பிராசசருக்குக் கடைக்காரர் சொல்வதுதான் வாரண்டி. சீரியல் எண்ணோடு முறையான பில் இல்லாவிட்டால் போர்டு கெடுகிற அன்று பேச வாயிருக்காது. ஆன்லைனில் ஆயிரம் ரூபாய் குறைவாக இருந்தும் போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் வண்ணார்பேட்டையிலேயே வாங்கியது இதனால்தான். பழுது வந்தால் சர்வீஸுக்கு அனுப்பி வாங்கித் தர ஆள் இருக்கிறார்.

கல்லிடைக்குறிச்சிக்குப் போய் மாட்டிய மறுநாள் காலை போன். “அத்தை, சிபியுவைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது.” போர்டு போய்விட்டது என்றே முடிவு கட்டியிருந்தான். நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். கேபினெட்டில் டெஸ்டரை வைத்தால் பளிச்சென்று எரிகிறது. மீட்டரில் 110 வோல்ட்டை ஒட்டி. எந்தப் பாகத்திலும் கோளாறு இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் மின்னிரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று பேஸுக்கும் உடம்புக்கும் நடுவில், இன்னொன்று நியூட்ரலுக்கும் உடம்புக்கும் நடுவில். எர்த் கம்பி உயிரோடிருந்தால் அவை கசியவிடும் துளி மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினெட் இரண்டுக்கும் நடுவில், 230-இல் பாதியில், தொங்கிக்கொண்டிருக்கும். தொட்டால் சுருக்கென்று கடிக்கும். மூன்று பின் பிளக் இருப்பதால் மட்டும் எர்த் இருப்பதாக ஆகிவிடாது. அந்தப் பழைய வீட்டில் மாடிக்கு வயர் இழுத்தவர் மூன்றாவது துளைக்குப் பின்னால் எதையுமே மாட்டாமல் விட்டிருந்தார். எத்தனை வருடமாக அப்படி இருந்ததோ. அதே பிளக்கில்தான் மதினி இஸ்திரிப்பெட்டி போட்டிருக்கிறார் என்பது தெரிந்தபோது எனக்குக் கம்ப்யூட்டரே மறந்துபோனது.

எலக்ட்ரீஷியனை வரவழைத்து மாடிக்கு எர்த் கம்பி இழுத்தோம். கொல்லையில் இருந்த பழைய எர்த் குழியைத் தோண்டிக் கரியும் உப்பும் புதிதாகப் போட்டு, வெயில் காலத்தில் அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றும் பொறுப்பைப் பையனிடமே கொடுத்தேன். மண் காய்ந்தால் எர்த்தும் காய்ந்துவிடும். செலவு 60,000 கணக்கில் வரவில்லை. அண்ணன் தனியாகக் கொடுத்தார். பத்தாயிரம் ரூபாய்க்குக் கம்ப்யூட்டர் வாங்கினாலும் ஒரு லட்சத்துக்கு வாங்கினாலும், அதை மாட்டப்போகும் பிளக்கில் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு முறை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தப் பட்டியலை இன்றைக்கு அப்படியே போட முடியாது. 2025-இன் கடைசி மாதங்களில் ராம் விலை தாறுமாறாக ஏறத் தொடங்கியது. நினைவகச் சில்லு செய்கிற கம்பெனிகள் செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கு முன்னுரிமை கொடுத்ததில் நம்மைப் போன்றவர்களின் பங்கு சுருங்கிவிட்டது. எஸ்எஸ்டியும் பின்னாலேயே ஏறியது. இப்போது யாராவது கேட்டால் 5600, பி550, நல்ல எஸ்எம்பிஎஸ் மூன்றையும் அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். எஸ்எஸ்டியை 500 ஜிபியாகக் குறைக்கலாம், எம்.2 இடம் இரண்டு உள்ள போர்டாக இருந்தால் பிறகு இன்னொன்று சேர்க்கலாம். ராம் 16 ஜிபிக்கு மேல் வேண்டாம். டிடிஆர்4 என்பதால் பழையதாகவும் கிடைக்கும், பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கப் பயப்படுகிற அளவுக்குப் பழைய ராமுக்குப் பயப்பட வேண்டியதில்லை. அதில் தேய்ந்துபோக ஃபேன் இல்லை, காய்ந்துபோகப் பேஸ்ட் இல்லை. ஒரே வகையில் இரண்டாக வாங்குங்கள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலைப் பென்டிரைவில் ஏற்றி, எக்ஸ்எம்பி போட்ட பிறகு ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும், ஒன்றுதானே என்று விட்டுவிடாமல், காலையிலேயே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.